கடன் எங்கே சென்றது? இரு நாடுகள் தரும் பாடம்

வளரும் நாடுகளுள் சில விரைந்து செல்வம் பெறுகின்றன. சில பின்தங்கி நிற்கின்றன. இதற்குக் காரணம் கல்வியா, இயற்கை வளமா, வெளிநாட்டு உதவியா? தென்கொரியாவும் பிலிப்பைன்ஸும் கடந்து வந்த பாதைகளை ஒப்பிட்டால் இக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

ஒரே இடத்தில் தொடங்கியவர்கள்

1960ஆம் ஆண்டில் தென்கொரியாவின் மக்கள்தொகை சுமார் இரண்டரைக் கோடி. பிலிப்பைன்ஸின் மக்கள்தொகை அதைவிடச் சற்று அதிகம். தொடக்கக் கல்வி இரு நாடுகளிலும் பரவியிருந்தது. கல்லூரிப் பருவத்து இளைஞர்களுள் பிலிப்பைன்ஸில் 13 விழுக்காட்டினரும், கொரியாவில் 5 விழுக்காட்டினர் மட்டுமே கல்லூரியிலும் பயின்றனர். இரு நாடுகளும் அமெரிக்க உதவியைப் பெற்றன. கொரியாவோ 1950 முதல் 1953 வரை நடந்த போரில் சிதைந்திருந்தது. ஆசிய வளர்ச்சி வங்கி 1966இல் தன் தலைமையகத்தை மணிலாவில் அமைத்துக்கொண்டது. அன்றைய நிலையில் பிலிப்பைன்ஸே முந்தும் என எவரும் எண்ணியிருப்பர்.

நடந்தது வேறு. 1960க்கும் 1988க்கும் இடையே, தலா வருமானம் கொரியாவில் ஆண்டுக்கு 6.2 விழுக்காடும் பிலிப்பைன்ஸில் 1.8 விழுக்காடும் வளர்ந்ததாக, பின்னர் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ராபர்ட் லூகாஸ் எடுத்துக்காட்டினார். வாடிக்கையாளர்கள் பலர் அறிந்த '72 விதி'யை இங்கே பொருத்திப் பார்ப்போம். 72ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தால், தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது தெரியும். கொரியாவுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள். பிலிப்பைன்ஸுக்கு 40 ஆண்டுகள். ஒரே தலைமுறையில் கொரியரின் வருமானம் ஐந்து மடங்கைக் கடந்தது. பிலிப்பைன்ஸில் அது இரு மடங்கைக்கூட எட்டவில்லை.

நிலமும் சேமிப்பும்

முதல் வேறுபாடு நிலத்தில் தொடங்குகிறது. கொரியா 1949இல் சட்டம் இயற்றி, ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய விளைநிலத்துக்குச் சுமார் மூன்று ஹெக்டேர் என உச்சவரம்பு விதித்தது. ஓராண்டு விளைச்சலைப் போல் ஒன்றரை மடங்கை ஐந்தாண்டுத் தவணையில் செலுத்திய குத்தகை உழவர், நிலத்துக்கு உரிமையாளர் ஆயினர். பிலிப்பைன்ஸில் நீக்ரோஸ் தீவின் கரும்புப் பண்ணைகள் போன்ற பெருநிலங்கள் சில குடும்பங்களிடமே நீடித்தன. அனைத்துப் பயிர் நிலங்களையும் தழுவிய சீர்திருத்தச் சட்டம் அங்கு 1988இல்தான் வந்தது.

இரண்டாவது, சேமிப்பு. விலைவாசி ஏற்றம் வட்டியை விழுங்கியதால், கொரியர் தம் சேமிப்பை வங்கிக்கு வெளியே வைத்திருந்தனர். நம் ஊர்ச் சீட்டைப் போன்ற 'கே' என்னும் முறையில் பலர் பணம் போட்டுவந்தனர். 1965 செப்டம்பரில் அரசு, குறித்தகால வைப்புக்கான உச்ச வட்டியை 15 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயர்த்தியது. வெளியே கிடந்த பணம் வங்கிகளை நோக்கித் திரும்பியது.

கடனுக்கு யார் சாட்சி?

ஆயினும் பணம் சேர்வது பாதிக் கதையே. சேர்ந்த பணம் யாரிடம் சென்றது என்பதே மீதிக் கதை. இரு நாடுகளிலும் கடன் வழங்குவதில் அரசின் கை ஓங்கியிருந்தது. கொரியாவில் வணிக வங்கிகளே 1961க்குப் பின் அரசின் பிடியில் இருந்தன. வேறுபாடு, கடனைப் பெறுவதற்கான தகுதியில் இருந்தது.

கொரியாவில் சாதாரணக் கடனுக்கு வட்டி 26 விழுக்காடாக இருந்தபோது, ஏற்றுமதியாளருக்கு 6.5 விழுக்காட்டில் கடன் கிடைத்தது. அதைப் பெற அவர் வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய எல்.சி.யைக் காட்ட வேண்டும். அந்த வாங்குநரிடம் சிபாரிசு எடுபடாது. சரக்கு தரமாக இருந்தால்தான் வாங்குவார். ஒட்டுப்பலகை, செயற்கைக் கூந்தல், ஆயத்த ஆடை எனத் தொடங்கிய ஏற்றுமதி 1964இல் 10 கோடி டாலரைத் தொட்டது; 1977இல் 1,000 கோடி டாலரை எட்டியது.

பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் ஆட்சியின்போது, ஆட்சியாளருக்கு நெருங்கியவர்களுக்கு மேலிடத்து ஆணையின்பேரில் அரசு வங்கிகள் கடன் வழங்கின. போதிய பிணையமோ, விளைவு பற்றிய கேள்வியோ பல கடன்களில் இல்லை. 1983 அக்டோபரில் அந்நாடு தன் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைக்கும் நிலைக்கு வந்தது. 1986இல் ஆட்சி மாறிய பின், இரு பெரிய அரசு வங்கிகளின் வாராக்கடன்களை அரசே ஏற்க நேர்ந்தது. சுமை பொதுமக்கள் தலையில் விழுந்தது.

கொரியாவும் தவறியது

கொரியாவின் பாதையில் குறைகளும் உண்டு. இராணுவ ஆட்சி, ஒடுக்கப்பட்ட தொழிற்சங்கங்கள், ஆலைப் பெண்களின் நீண்ட வேலை நேரம் ஆகியவை அவ்வளர்ச்சிக்கு மக்கள் கொடுத்த விலை. கேள்வி கேட்கும் வழக்கம் தளர்ந்தபோது அந்நாடும் இடறியது. செல்வாக்கின் துணையால் பெருங்கடன் பெற்ற ஹான்போ எஃகு நிறுவனம் 1997 ஜனவரியில் சரிந்தது. குறுகிய காலத்துக்கு வாங்கிய வெளிநாட்டுக் கடன்கள் நீண்டகாலத் திட்டங்களில் முடங்கியிருந்தன. அவ்வாண்டின் இறுதியில் கொரியா பன்னாட்டு நிதியத்திடம் உதவி கேட்டது. அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் திருமண மோதிரம் உட்படத் தங்கள் பொன்னை நாட்டுக்காக வங்கிகளில் கொண்டுவந்து விற்றன. 2001 ஆகஸ்டில் நிதியத்தின் கடன் அடைந்தது. சிலர் பெற்ற கடனுக்கு எளிய குடும்பங்களின் பொன் ஈடானது.

நமக்குரிய பாடம்

நல்ல கல்வியும் நிறைந்த சேமிப்பும் நாட்டின் வளர்ச்சிக்கு இன்றியமையாதவை. ஆனால் அச்சேமிப்பு விளைவு தரும் தொழிலுக்குச் செல்கிறதா என்று எவரேனும் ஓயாது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடன் பெற்ற வாடிக்கையாளரிடம் சரக்கு இருப்பு அறிக்கையும் விற்பனைக் கணக்கும் நாங்கள் கேட்கும்போது, சிலர் மனம் சலிப்பதை அறிவோம். அக்கேள்விகள் அவர்மீதான ஐயத்தால் எழுபவை அல்ல. அக்கடனுக்குப் பின்னால் ஓய்வூதியர் ஒருவரின் வைப்புத்தொகை இருக்கிறது. மகளின் திருமணத்துக்கென ஒரு தாய் மாதந்தோறும் கட்டும் தொடர்வைப்பு இருக்கிறது. அவர்கள் சார்பில் கேட்பது எங்கள் கடமை. தாம் வைத்த பணம் எவ்வாறு பயன்படுகிறது என்று வைப்பாளர்களும் அக்கறையுடன் கேட்டால், அதை நாங்கள் வரவேற்கிறோம்.