சிரங்கு ஏன் திரும்பத் திரும்ப வருது?

"ராவானா பிள்ளை தூங்கமாட்டேங்குது, சொறிஞ்சிக்கிட்டே கிடக்குது. கம்பளியெல்லாம் அவிச்சுப் போட்டோம். திரும்பவும் வந்திருச்சே!"

லயங்களுக்கு வரும்போது அம்மாமார் எங்களிடம் சொல்வது இது. கம்பளியை அவித்தும் சிரங்கு ஏன் போகவில்லை? இதற்கு விடை கண்டவர் கென்னத் மெலன்பி என்ற ஆராய்ச்சியாளர். அவர் செய்ததை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

சிரங்கை உண்டாக்குவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு உண்ணி. அது தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தில் படைவீரரிடமும் பொதுமக்களிடமும் சிரங்கு பரவியிருந்தது. துணியாலும் கம்பளியாலும்தான் தொற்றுகிறது என்று நம்பி, கம்பளிகளைச் சூடேற்றிச் சுத்தம் செய்தார்கள். பணமும் உழைப்பும் போனதே தவிர, சிரங்கு போகவில்லை.

மெலன்பி 1941இல் ஷெஃபீல்ட் நகரில் இதைச் சோதித்தார். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம்கொடாத இளைஞர்கள் சிலர் தாமாக முன்வந்தார்கள். சிரங்குள்ள வீரர்களின் உள்ளாடைகளைத் துவைக்காமலே உடுத்தார்கள். அவர்களுடைய கம்பளியில் படுத்தார்கள். தொற்றியது மிகச் சிலருக்குத்தான். சிரங்குள்ளவரோடு ஒரே கட்டிலில் படுத்தபோதுதான் லேசாகத் தொற்றியது. உடம்போடு உடம்பு நெருங்கியிருப்பதே முக்கிய வழி என்று தெரிந்தது.

இன்னொன்றும் கண்டார். முதல்முறை தொற்றியவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் அரிப்பே இருக்காது. ஆனால் உண்ணி உடம்பில் இருக்கும், மற்றவருக்கும் போகும்.

இப்போது நம்ம காம்பராவை நினைத்துப் பார்ப்போம். சொறியும் தம்பிக்கு மட்டும் மருந்து பூசுகிறோம். பக்கத்தில் படுக்கும் அக்காவுக்கு அரிப்பில்லை, அதனால் விட்டுவிடுகிறோம். அடுத்த மாதம் அக்காவிடமிருந்து தம்பிக்குத் திரும்பி வருது!

நாம் செய்ய வேண்டியவை:

1. அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், காம்பராவில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

2. சொறியும் இடத்தில் மட்டும் பூசினால் போதாது. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி, இடுப்பு, மறைவிடம் எல்லாம் பூச வேண்டும். கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள்.

3. கைப்பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் எந்த மருந்து, எவ்வளவு என்று டிஸ்பென்சரியில் கேட்டே பூசுங்கள். இரண்டாம் முறை எப்போது பூசுவது என்றும் கேளுங்கள்.

4. அன்று உடுத்திய துணியையும் போர்வையையும் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும்.

5. மருந்துக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். பயந்து தினமும் பூசாதீர்கள். அதற்கு மேலும் இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

சொறிந்த புண் சீழ் பிடித்தால் சும்மா இருக்க வேண்டாம். அந்தக் கிருமியால் சில பிள்ளைகளின் சிறுநீரகமே பழுதாகலாம். முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சிரங்கு அழுக்கானவர்களுக்கு வரும் நோய் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். தினமும் குளிப்பவருக்கும் வரும். ஒரு சின்னக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் நெருங்கிப் படுக்கும்போது அது எளிதாகப் பரவுது. ஆகவே வெட்கப்பட்டு மறைக்காமல் பக்கத்துக் காம்பராவுக்கும் சொல்லுங்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் பூசினால், பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கும்.