இரு தீவும் ஒரு நாடும்

காஞ்சி மாநகர் இரு கூறுடையது. ஏகாம்பரநாதர் எழுந்தருளியிருப்பது பெரிய காஞ்சிபுரம். வரதராசப் பெருமாள் எழுந்தருளியிருப்பது சின்னக் காஞ்சிபுரம். கூறு இரண்டாயினும் ஊர் ஒன்றே. இவ்வாறே, இயல்பால் வேறுபட்ட இரு தீவுகள் ஒரு நாடாய் விளங்குதலை மேற்கிந்தியத் தீவுகளிற் காணலாம். அந்நாடே டிரினிடாடு-டொபாகோ என்னும் குடியரசு.

டிரினிடாடு பெரியது, தொழிலாரவாரம் மிக்கது. எண்ணெயும் எரிவாயுவும் அதன் செல்வங்கள். ஆங்கு லாபிரே என்னும் ஊரில் ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்புள்ள ஏரி ஒன்று உண்டு. அதில் நிறைந்திருப்பது நீரன்று, கரிய கீல்! காண வருவோர் அதன்மீது நடந்தே செல்வர். 1595-இல் வால்டர் இராலி என்னும் ஆங்கிலேயர் அக்கீலைக்கொண்டு தம் மரக்கலங்களைச் செப்பனிட்டார். எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தகட்டைத் தட்டிச் சுரம் கூட்டி இசைக்கும் கருவியும் அம்மண்ணிற் பிறந்ததே.

அத்தீவுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1845 முதல் 1917 வரை, கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக இந்தியர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாய் அங்குச் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலும் ஒருசாரார் சென்னையிலும் கப்பலேறினர். தாயகம் மீண்டோர் சிலர். அங்கேயே வேரூன்றினோர் பலர்.

டொபாகோ சிறியது, பரப்பு 300 சதுர கிலோமீட்டர். டிரினிடாட்டிலிருந்து கப்பலிற் செல்வோர் சில மணி நேரத்தில் அதனை அடைவர். ஆங்கு ஆரவாரம் இல்லை. தெளிந்த கடலும் பவழப் பாறைகளும் கண்ணைக் கவரும். மலைமுகட்டில் அடர்ந்த காடு ஓங்கி நிற்கும். மரம் அழியின் மழையும் குன்றும் என்று உணர்ந்து, 1776-லேயே சட்டம் இயற்றிக் காத்த காடு அது.

1768-இல் தனக்கெனச் சட்டமன்றம் பெற்றிருந்தது டொபாகோ. சர்க்கரைத் தொழில் நலிந்து வறுமையுற்றபோது, 1889-இல் ஆங்கில அரசு அதனை டிரினிடாட்டுடன் இணைத்தது. 1962-இல் இரண்டும் ஒரு நாடாய் விடுதலை பெற்றன. ஆயினும், பெருந்தீவின் குரலில் தங்கள் குரல் அமிழ்ந்துவிடுமோ என்னும் கவலை டொபாகோ மக்களை விட்டு நீங்கவில்லை. அவர்தம் இடையறாத வேண்டுகோளின் பயனாக, 1980-இல் அவர்களுக்கெனத் தனிமன்றம் மீண்டும் அமைந்தது.

அந்நாட்டின் சின்னத்தில் ஒரு கேடயத்தை இரு பறவைகள் இருபுறமும் தாங்கி நிற்கின்றன. ஒன்று டிரினிடாட்டின் செந்நிற அரிவாள்மூக்கன். மற்றொன்று டொபாகோவின் கொக்ரிக்கோ. தீவுகள் அளவால் ஒவ்வாதனவாயினும், சின்னத்தில் இரு பறவைகளுக்கும் நிலை ஒன்றே. பெரியது சிறியதன் பெருமையை மதிக்குமிடத்தே ஒற்றுமை நிலைக்கும்.