மீன் தொட்டிக்குச் சருகும் மரக்கட்டையும்

அலங்கார மீன் தொட்டி என்றதும் வண்ணக் கற்களும் பிளாஸ்டிக் செடிகளுமே பலருக்கு நினைவுக்கு வரும். செலவில்லாமல் கிடைக்கும் காய்ந்த இலைகளும், ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரக்கட்டையும் இவற்றைவிட இயற்கையான அழகைத் தரும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் செடி தொட்டியில் சும்மா நிற்கும். இலையும் கட்டையும் தண்ணீரையே மாற்றும். மாற்றம் மீனுக்கு ஏற்றதாக இருந்தால் நன்மை. இல்லாவிட்டால், ஆசையாகப் போட்ட ஒரு பிடி சருகால் மறுநாள் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கும். மீன் வளர்ப்பை உபதொழிலாகக் கொண்டவர்களுக்கு இது பெரிய நஷ்டம்.

எந்த மீனுக்கு ஏற்றது?

இலையும் கட்டையும் தண்ணீரில் ஊறும்போது துவர்ப்புப் பொருளான டானின் கரைந்து வருகிறது. தண்ணீர் தேநீர் நிறமாகி, சற்று அமிலத்தன்மை அடைகிறது. தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆறு, காட்டு இலைகள் ஊறியதால் இவ்வாறு கருத்து ஓடுவதே. கார்டினல் டெட்ரா அங்கு வாழும் மீன். நியான் டெட்ரா, ஏஞ்சல், டிஸ்கஸ் ஆகியவையும் அமேசான் பகுதியைச் சேர்ந்தவை. ஃபைட்டர் மீன் தாய்லாந்தின் வயல்களிலும் ஆழமில்லாத சதுப்புகளிலும் வாழ்வது. இவற்றுக்குச் சருகு போட்ட தண்ணீர் ஒத்துக்கொள்ளும்.

கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை கடின நீரை விரும்புபவை. ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்களும் அப்படியே. இவற்றின் தொட்டியில் சருகு போடாமல் இருப்பதே நலம்.

எந்த இலை?

நாட்டு வாதுமை இலை மிகவும் சிறந்தது. இந்த மரத்தின் இலைகள் உதிரும் முன் சிவந்துவிடும். தானாக உதிர்ந்து, பழுப்பு நிறமாக நன்கு காய்ந்தவற்றையே எடுக்க வேண்டும். பச்சை இலை விரைவில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கொய்யா, பலா ஆகியவற்றின் சருகுகளும், வாழைச் சருகும் பயன்படும். கடைகளில் வாதுமைச் சருகைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். வீட்டில் மரம் இருப்பவர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

அரளி, எருக்கு, கள்ளி, எட்டி, வேம்பு, புங்கம், தைல மரம் ஆகியவற்றின் இலைகளைத் தொட்டிப் பக்கமே கொண்டு வரக் கூடாது. மருக்காரைக் காயை இடித்துக் குளத்தில் கலந்து மீன் பிடிக்கும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. மனிதருக்கு மருந்தாகும் செடியும் மீனுக்கு நஞ்சாகலாம் என்பதை இதிலிருந்து அறியலாம். பூச்சி மருந்து தெளித்த தோட்டத்து இலை, புகை படிந்த சாலையோரத்து இலை, பூசணம் பிடித்த இலை ஆகியவையும் ஆகாது.

போடும் முறை

இலைகளைக் கழுவி, கொதிநீரில் 10 நிமிடம் ஊற வைத்தால் தூசி நீங்குவதுடன், இலை விரைவில் அடியில் தங்கும். 40 லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய வாதுமை இலை போட்டுத் தொடங்கலாம். ஒரு வாரம் பார்த்து, தேவையானால் மேலும் ஒன்று சேர்க்கலாம். மூன்று, நான்கு வாரத்தில் இலை நரம்பு மட்டும் மிஞ்சும். அப்போது எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் இலை நிறத்தைத்தான் கொடுக்கும். அமில நிலை அதிகம் மாறாது. அதற்காக இலையை அள்ளிப் போடக் கூடாது. சுத்தமாகப் பிடித்த மழைநீரைச் சிறிது சிறிதாகக் கலப்பதே சரியான வழி. மழைநீரை மட்டுமே தொட்டியில் நிரப்பி, இலையையும் அதிகமாகப் போட்டால் அமிலம் திடீரென ஏறிவிடும்.

கட்டையைப் பதப்படுத்துதல்

பட்டை உரிந்து, வைரம் பாய்ந்து, வாசனையோ பிசினோ இல்லாத காய்ந்த கட்டையே ஏற்றது. நகத்தால் அழுத்தினால் உள்வாங்கும் உளுத்த கட்டை வேண்டாம். வார்னிஷ் அடித்தது, ஒட்டுப்பலகை, கரையான் மருந்து பூசிய பழைய கட்டட மரம், ரயில்வே கட்டை எதுவும் கூடாது. காப்புக் காட்டில் அனுமதியின்றிக் கட்டை எடுப்பது குற்றம்.

கட்டையை முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். பாத்திரத்தில் அடங்காத கட்டையை டிரம்மில் போட்டுக் கொதிநீர் ஊற்றலாம். பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் வரை தண்ணீரில் ஊற வைத்து, அடிக்கடி தண்ணீரை மாற்ற வேண்டும். கடற்கரையில் எடுத்த கட்டையில் உப்பு ஏறியிருப்பதால் இன்னும் அதிக நாள் ஊற வேண்டும்.

மிதக்கும் கட்டையைக் கருங்கல் துண்டில் நைலான் கயிற்றால் கட்டலாம். கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகை. அது கரைந்து நீரின் கடினத்தை ஏற்றும். செம்பு, பித்தளை ஆணிகளைப் பயன்படுத்தக் கூடாது. செம்பு மீனுக்கு நஞ்சு.

முதல் சில வாரங்களில் கட்டை மேல் வெண்மையான வழவழப்பு படரலாம். இதனால் கேடில்லை. தேய்த்து எடுத்துவிட்டால் போதும், நாளடைவில் மறைந்துவிடும்.

இனப்பெருக்கத்துக்கும் உதவும்

ஆண் ஃபைட்டர் மீன் நீர்மட்டத்தில் மிதக்கும் இலையின் அடியில் நுரைக்கூடு கட்டும். ஒரு துண்டு வாழைச் சருகோ வாதுமை இலையோ மிதக்க விட்டால் கூடு கலையாமல் நிற்கும். ஊறும் இலையில் பெருகும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், பொரித்து நீந்தத் தொடங்கும் குஞ்சுகளுக்கு முதல் உணவாகும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

புதிய இலை, கட்டை எதையும் நேராகத் தொட்டியில் இடாமல், முதலில் ஒரு வாரம் தனி வாளியில் ஊற வைத்துப் பாருங்கள். துர்நாற்றம் வீசினாலோ எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ அதை எறிந்துவிடுங்கள். தொட்டியில் போட்ட பின், காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால், இலை அழுகிப் பிராணவாயுவைக் குறைத்துவிட்டது என்று ஐயுற வேண்டும். உடனே இலைகளை அகற்றி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, காற்றுக் குழாயை ஓட விடுங்கள்.

சருகு போட்ட நாள் முதல் ஒரு வாரம், விடிந்ததும் தொட்டியைப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். தண்ணீர் கெட்டிருந்தால் மீன்கள் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.