கைமாறும் இடத்தில் கவனம்: சரக்கு இரயில் பாதுகாப்பு

முன்னுரை

நெகிரி செம்பிலானில் இரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் பகாவ். கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரை இரயில் பாதை இவ்வூர் வழியாகச் செல்கிறது. 1931இல் முழுமை பெற்ற இப்பாதை ஒற்றை வழிப் பாதையாகும். எதிரெதிரே வரும் இரு வண்டிகள் அதில் மோதிக்கொள்ளாமல் காப்பது எது? இக்கேள்விக்கான விடையில்தான் பாதுகாப்பு மேலாண்மையின் முதல் பாடம் அடங்கியுள்ளது.

டோக்கன் தரும் பாடம்

இப்பாதையில் நெடுங்காலம் டோக்கன் முறை பயன்பட்டது. அடுத்தடுத்த இரு நிலையங்களில் உள்ள டோக்கன் கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு டோக்கனை மட்டுமே வெளியே எடுக்க முடியும். அதைக் கையில் பெறாத ஓட்டுநர் வண்டியை நகர்த்தக்கூடாது. அடுத்த நிலையத்தில் அது மீண்டும் கருவிக்குள் சென்ற பிறகே மற்றொரு வண்டிக்கு வழி கிடைக்கும்.

நிலைய அதிகாரியின் ஞாபகத்தை மட்டும் நம்பி இம்முறை அமையவில்லை என்பதைக் கவனியுங்கள். மனிதன் களைப்பான், மறப்பான் என்பதை ஏற்றுக்கொண்டு, பொறுப்பு கைமாறும் இடத்திலேயே இது ஒரு தடுப்பை வைத்தது.

கூட்டுப் போக்குவரத்தும் ஆபத்தும்

ஒரே கொள்கலனைத் திறக்காமலேயே லாரி, இரயில், கப்பல் என மாற்றி ஏற்றிச் செல்வதே கூட்டுப் போக்குவரத்து. தென் தாய்லாந்துச் சரக்குகள் பாடாங் பெசாரிலிருந்து இரயிலில் பினாங்குத் துறைமுகம் சேர்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இங்கே பொறுப்பு பல முறை கைமாறுகிறது. சரக்கை அடுக்கியவருக்கு உள்ளே இருப்பது தெரியும்; இரயில் ஓட்டுநருக்குத் தெரியாது. மயிலிறகானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என வள்ளுவர் அன்றே எச்சரித்தார். கப்பலில் ஏற்றும் முன் கொள்கலனின் மொத்த எடையை உறுதிசெய்ய வேண்டும் என்ற அனைத்துலக விதியோ 2016 ஜூலை 1இல்தான் நடப்புக்கு வந்தது.

இரு விபத்துகளைப் பார்ப்போம். 2019 ஜனவரி 2இல் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தில் பலத்த காற்று வீசியது. சரக்கு இரயிலில் ஏற்றப்பட்டிருந்த லாரி டிரெய்லர் ஒன்று இடம்பெயர்ந்து, எதிரே வந்த பயணிகள் இரயிலில் மோதியது. எண்மர் மாண்டனர். டிரெய்லரைப் பிடித்திருக்க வேண்டிய பூட்டு சரியாகப் பூட்டப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது.

2009 ஜூன் 29இல் இத்தாலியின் வியாரெஜியோ நகரில் எரிவாயு ஏற்றிச் சென்ற இரயிலின் அச்சு முறிந்து, வண்டி தடம் புரண்டு தீப்பற்றியது. 32 பேர் உயிரிழந்தனர். வேகனின் உரிமையாளர் ஒருவர், பழுதுபார்த்தவர் வேறொருவர், ஓட்டிய நிறுவனம் இன்னொன்று. இதன் பின்னர், 2011இல் ஒவ்வொரு சரக்கு வேகனின் பராமரிப்புக்கும் பொறுப்பேற்கும் அமைப்பு எது என்பதை முறைப்படுத்தும் சட்டவிதியை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது.

இரண்டு விபத்துகளிலும் வண்டி புறப்படும்போது எல்லாம் சரியாகவே தோன்றியது. பலியானவர்களுக்கு அச்சரக்கோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒருவர் பயணச்சீட்டு வாங்கியிருந்தார். இன்னொருவர் தம் வீட்டில் இருந்தார்.

பாதுகாப்பு மேலாண்மை என்றால் என்ன?

ஆபத்தை முன்கூட்டியே கண்டறிதல், அதன் அளவை மதிப்பிடுதல், தடுப்பு வைத்தல், அத்தடுப்பு வேலை செய்கிறதா எனச் சோதித்தல், நேர்ந்தவற்றிலிருந்து கற்றல் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே பாதுகாப்பு மேலாண்மை. நான்காவதை நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். பூட்டு இருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு. "இந்தப் பூட்டு விழவில்லை" என்று சொல்லும் கடைநிலைத் தொழிலாளியைத் தாமதத்திற்காகத் திட்டினால், மறுநாள் அவர் வாய் திறக்கமாட்டார். அத்துடன் ஐந்தாவதும் போய்விடும்.

முடிவுரை

நம் மாணவர்கள் பலர் பொறியியல், தளவாடம், நிர்வாகம் எனப் பல துறைகளில் பணிக்குச் செல்லவிருக்கிறோம். அங்கே ஒரு படிவத்தில் கையொப்பமிடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். எனக்கு முன் இதைக் கையாண்டவர் எதைச் சரிபார்த்தார்? நான் எதை என் கண்ணால் பார்த்தேன்? அடுத்தவரிடம் எதைச் சொல்லி ஒப்படைக்கிறேன்? டோக்கன் கைக்கு வராமல் வண்டி நகராது. விடை கிடைக்காமல் நம் பேனாவும் நகரவேண்டாம்.