தனியார் நிலத்தில் தூய மண் நிரப்புதல்

கொச்சித் துறைமுகத்தின் வரலாறு ஒருவகையில் மண் கொட்டிய வரலாறேயாகும். 1920ஆம் ஆண்டில் அங்கு வந்த பொறியியலாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டப்பட்டது. 1928 மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் உட்துறைமுகத்தினுள் நுழைந்தது. தூர்வாரிய மண்ணைக் கொண்டு மட்டாஞ்சேரிக்கு எதிரே உப்பங்கழியில் உருவாக்கப்பட்டதே வில்லிங்டன் தீவு.

அது நிபுணர் மேற்பார்வையில் நடைபெற்ற பணி. மட்டாஞ்சேரியில் ஐந்து சென்ட் தாழ்நிலம் உடைய ஒருவர், லாரிக்காரர் இலவசமாகத் தரும் மண்ணை வாங்கிக் கொட்டுங்கால் மேற்பார்ப்பவர் எவருமில்லை. இலவச மண் என்பது பெரும்பாலும் மற்றொருவர் கழிக்க விரும்பும் பொருளே என்பதை மறத்தலாகாது.

தூய நிரப்புமண் எனப்படுவது மாசுபடாத மண், மணல், கல், செங்கல், கம்பி நீக்கிய கான்கிரீட் ஆகியவையாம். பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் செம்புரைக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இவற்றோடு சேரும். ஆனால் அவ்வீடுகளின் கூரையிலிருந்த கல்நார்த் தகடு சேராது. அது உடையும்போது எழும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குப் பெருங்கேடு செய்வன. ஜிப்சப் பலகை தீங்கற்றதாகத் தோன்றினும், காற்றுப்படாத ஈரமண்ணில் அழுகும் பொருளுடன் புதையுண்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு உண்டாகக்கூடும். மரத்துண்டு, இலைதழை, வீட்டுக்குப்பை ஆகியவை மக்கிச் சுருங்குவதால் மேலே கட்டிய தளம் அமிழும். உப்பங்கழியின் கருஞ்சேறு காற்றுப்பட்டு அமிலத்தன்மை அடைவதுண்டு; குட்டநாட்டுக் கரிநிலங்களில் உழவர் இதனை நன்கறிவர்.

இடிபாடு தானாகவே தூயதாகிவிடாது. 2020 ஜனவரி 11, 12 நாட்களில் மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி தகர்க்கப்பட்டபோது, இடிபாடு ஏறத்தாழ 76,000 டன் எனக் கணிக்கப்பட்டது. அதிலிருந்து கம்பிகளைப் பிரித்து அகற்றும் வேலை வாரக்கணக்கில் நீடித்தது.

அடுத்துக் கருத வேண்டியது பாரம். ஐந்து சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் நிரப்பினால் ஏறத்தாழ 360 டன் எடை அந்நிலத்தின்மீது ஏறுகிறது. கொச்சியின் பல இடங்களில் அடியில் மென்மையான கடற்களிமண் தடித்துக் கிடக்கிறது. அது பாரத்தால் நீரை மெல்ல வெளியேற்றிப் பல ஆண்டுகள் தாழ்ந்துகொண்டே இருக்கும். எல்லைச் சுவரும் அண்டை வீட்டு அஸ்திவாரமும் உடன் இழுபட்டு வெடிக்கலாம். ஆகவே, ஒரே நாளில் குவித்தல் தவறு. 20 முதல் 30 சென்டிமீட்டர் வரையுள்ள அடுக்குகளாகப் பரப்பி இறுக்க வேண்டும். எல்லையோரத்தைச் சரிவாக விடுதல் நன்று.

மழைநீரின் வழியே பெரும் பூசல்களுக்குக் காரணம். ஒரு மனை உயர்ந்தால் அதில் தேங்கிய நீர் அடுத்த மனையைத் தேடிச் செல்லும். கல்வத்தி வாய்க்கால் போன்ற நீர்வழிகளில் மண் சரிந்தால் தெரு முழுவதுமே நனையும். களப்பணியாளர் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னரே வடிகாலின் போக்கைக் கண்டு குறித்தல் வேண்டும். கிணற்றை மூடுவதும் மரத்தின் அடித்தண்டைப் புதைப்பதும் கூடா.

நிலம் தனியாருடையது என்பதனால் நிரப்பும் உரிமை தானே வந்துவிடுவதில்லை. கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய நிலங்களை அனுமதியின்றி மாற்றுவதைத் தடுக்கிறது. நிலம் அப்பட்டியலில் உள்ளதா என்பதைக் கிருஷி பவனில் விசாரிக்கலாம். நீர்க்கரையோர நிலமாயின் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் பொருந்தும்.

ஒவ்வொரு லாரியும் எங்கிருந்து, எந்நாளில் வந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, இறக்குமுன் மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். எண்ணெய் நாற்றம் வீசினால் திருப்பி அனுப்புதலே முறை. பின்பெட்டியை உயர்த்துமுன் ஓட்டுநர் மேலே மின்கம்பி செல்கிறதா என நோக்க வேண்டும். புதுமேட்டின் விளிம்புவரை பின்னோக்கி வருதல் ஆகாது.