முப்போட்டி வீரரும் நீச்சல் வீரரும்

மாணவர்களே! போச்சம்பள்ளி வட்டாரத்தில் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். கிணற்றில் சளைக்காமல் நீந்துபவர், பாரூர் பெரிய ஏரியில் அதே தூரம் நீந்தினால் சீக்கிரம் களைத்துப்போவார். ஏன்? கிணற்றில் நாலு முறை கைவீசியதும் சுவர் வந்துவிடும். அதைக் காலால் உதைத்தால் பாதித் தூரம் சும்மா கிடைக்கும். ஏரியில் உதைக்கச் சுவர் ஏது? (இதைச் சோதிக்கத் தனியே ஏரியில் இறங்கிவிடாதீர்கள்!)

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு போட்டியைப் பார்ப்போம். ‘டிரையத்லான்’ என்னும் முப்போட்டியில் வீரர் 1.5 கிலோமீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, பிறகு 10 கிலோமீட்டர் ஓடவும் வேண்டும். ஒலிம்பிக்கில் இது 2000-ஆம் ஆண்டு சிட்னியில் சேர்ந்தது. இவர்களுடைய நீச்சல், நீச்சலையே முழுநேரமும் பயில்பவரின் நீச்சலுக்கு ஈடாகுமா?

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஆடவர் முப்போட்டியில் முதலில் கரையேறியவர் பிரான்சின் வின்சென்ட் லூயி. எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய 17 நிமிடம் 40 வினாடி. அதே 1500 மீட்டரைப் பாரிஸ் நீச்சற்குளத்தில் 2024-இல் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் 14 நிமிடம் 30.67 வினாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். மூன்று நிமிடத்துக்கும் மேல் வேறுபாடு!

ஆனால் இந்த ஒப்பீடு முழு நியாயமானதன்று. 50 மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் நீந்துபவர் 29 முறை சுவரை உதைத்துத் திரும்புகிறார். நம் கிணற்றுக் கதைதான். அலை இல்லை, வழி தவறாது. முப்போட்டி வீரரோ கடலில் தலையைத் தூக்கி மிதவையைத் தேடவேண்டும். அப்போதெல்லாம் இடுப்பு தாழ்ந்து, நீரின் தடை கூடும். பக்கத்தில் நீந்துபவரின் கை முகத்தில் படுவதும் உண்டு.

இவற்றைக் கழித்தாலும் வேறுபாடு மிஞ்சும். கணக்குப் போடுங்கள். ஃபிங்கின் சராசரி வேகம் வினாடிக்கு 1.72 மீட்டர், லூயியுடையது 1.42 மீட்டர். ஏறத்தாழ 1.2 மடங்குதானே என்று தோன்றும். நீரின் தடை வேகத்தின் இருமடியாக வளர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ மும்மடியாக வளர்கிறது. உடலமைப்பும் நீந்தும் முறையும் ஒன்றே எனக் கொண்டால், 1.2 மடங்கு வேகத்திற்கு 1.7 மடங்கு திறன் வேண்டும்!

இவ்வளவையும் தசைவலிமையால் ஈட்ட முடியாது. நீச்சல் வீரர் உடலைக் கிடைமட்டமாக வைத்துத் தடையையே குறைக்கிறார். அவருடைய கணுக்கால் மீன்வால்போல் வளையும். ஓடியும் மிதித்தும் இறுகிய கணுக்கால் அப்படி எளிதில் வளையாது. இப்பழக்கம் இளமையிலேயே படியவேண்டும். ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது அவருக்கு வயது 12.

முப்போட்டி வீரர் வேண்டுமென்றே கஞ்சத்தனமும் செய்கிறார். காலை மெதுவாக அடித்து, தொடைத் தசைகளை மிதிவண்டிக்காகச் சேமிக்கிறார். டோக்கியோவில் வென்ற நார்வேயின் கிறிஸ்டியன் புளும்மென்ஃபெல்ட்டுக்கு மொத்தம் 1 மணி 45 நிமிடம் 4 வினாடி ஆயிற்று. நீச்சல் அதில் ஆறில் ஒரு பங்குதான். முதலில் கரையேறிய லூயிக்குப் பதக்கமே இல்லை.

அதற்காக நீச்சலை அலட்சியம் செய்ய முடியாது. ஒலிம்பிக் முப்போட்டியில் மிதிவண்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காற்றுக்கு மறைந்து செல்லலாம். அரை நிமிடம் பிந்திக் கரையேறியவர் முன்னணிக் கூட்டத்தைத் தவறவிட்டு, எதிர்காற்றைத் தனியே தாங்க நேரும். என் கருத்தில், முப்போட்டியில் நீச்சலால் வெல்வது அரிது; தோற்பது எளிது.

உங்கள் நீச்சலையும் அளக்கலாம். பெரியவர் ஒருவர் கரையில் நிற்க, சுவரை உதைக்காமல் கிணற்றைக் குறுக்கே நீந்துங்கள். எத்தனை கைவீச்சு, எத்தனை வினாடி என்று குறியுங்கள். ஒரு மாதம் பழகியபின், அதே வினாடிகளில் கைவீச்சு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.