வெள்ளம் என்றால் தண்ணீர்
(மட்டாஞ்சேரிக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)

கணினியும் இணையமும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் வேலை பார்க்கலாம் என்ற வசதி, 2020ஆம் ஆண்டின் கொரோனா முடக்கத்திற்குப் பிறகு நம்மவர் பலருக்கும் வாய்த்திருக்கிறது. சென்னை, பெங்களூர் வாடகைக்கு அஞ்சிக் கொச்சிக்குக் குடும்பத்தோடு வரலாமா என்று விசாரிப்போரும் கூடிவருகின்றனர். மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் வீடு. பழைய வீடுகளின் சுவர்கள் தடிமனானவை. முன்னறையில் வைக்கும் இணையப் பெட்டியின் அலை பின்னறைக்கு எட்டாது. கம்பி இழுத்துத்தான் ஆகவேண்டும். தாழ்வான தெருக்களில் பெருமழைக்குத் தண்ணீர் வாசலேறும். எனவே மின்சாதனங்களைத் தரையில் வைக்கலாகாது. வாடகை பேசும்போதே குழாய்த் தண்ணீர் எந்நேரம் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதானபோது மேற்குக் கொச்சி முழுவதும் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தது. தமிழ்நாட்டு வண்டி கொண்டுவருவோர், பன்னிரண்டு மாதத்திற்கு மேல் இங்கே வைத்திருப்பதானால் பதிவை மாற்றவேண்டும். மட்டாஞ்சேரிக்கு கே.எல். 43.

போக்குவரத்துக்குக் குறையில்லை. எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி என்ற மூன்று நகராட்சிகளும் 1967இல் ஒரே மாநகராட்சியாயின. ஆனாலும் இங்குள்ளவர்கள் 'எர்ணாகுளம் போய் வருகிறேன்' என்று ஏதோ வெளியூர் போவதுபோலத்தான் சொல்வார்கள். காலையில் பேருந்திலும் படகிலும் கூட்டங்கூட்டமாக அக்கரை போய் மாலையில் திரும்புகிறார்கள். 2025 அக்டோபர் முதல் வாட்டர் மெட்ரோ படகும் மட்டாஞ்சேரிக்கு வருகிறது.

நான் சொல்லவந்த விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. அக்கரைக்கு வேலைக்குப் போகிறவருக்கு மலையாளம் தானாக வந்துவிடும். படகுத்துறையில், பேருந்தில், அலுவலகத் தேநீர் வேளையில் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கோ அந்த வாய்ப்பே இல்லை. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை சென்னையோடு தமிழும் ஆங்கிலமும் பேசிவிட்டு, காய்கறியையும் செல்பேசி வழியே வரவழைத்துவிட்டால், ஊர்ப் பேச்சு ஒரு சொல்லும் காதில் விழாமல் ஒரு மாதத்தையே ஓட்டிவிடலாம். உடன்வந்த மனைவிக்கும் பிள்ளைக்கும் இது இன்னும் கடினம்.

நமக்கு முன்னால் வந்த தமிழர் எப்படி வேரூன்றினர் என்று பாருங்கள். ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவை அவசியம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் சீருடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் தொழில் செய்கின்றனர். குளக்கரைகளில் வெளுத்துவந்த அவர்களுக்கு 1976இல் தொட்டிகளோடு இந்தத் துறை கட்டித்தரப்பட்டது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு இடையே துணி நுனியைச் செருகிக் காயவைக்கிறார்கள், கிளிப் கிடையாது. நான் போனபோது பெரியவர் ஒருவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார். அடுத்த நொடியே துணி வாங்க வந்த பெண்ணிடம் மலையாளத்தில் கணக்குச் சொன்னார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக இரண்டையும் வைத்திருக்கிறார்கள். துணி கொடுப்பவர் மலையாளி, பக்கத்துத் தொட்டிக்காரர் தமிழர். ஆகவே இரண்டும் தினமும் வாயில் புழங்கின. நம்மைப்போல் தனியறையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தத் துறை இல்லை. நாமேதான் அதை அமைத்துக்கொள்ளவேண்டும்.

இனிப் பாடம். மலையாளம் எளிது என்று நம்மவர் அலட்சியமாக இருப்பதுண்டு. எளிதுதான், ஆனால் தெரிந்த சொல்லே ஏமாற்றும். 'வெள்ளம்' என்றால் இங்கே குடிக்கும் தண்ணீர். "நேற்று ராத்திரி வீட்டுக்கு வெள்ளம் வந்தது" என்று என் மகள் தொலைபேசியில் சொல்லப்போய், மதுரையில் அவள் பாட்டி பதறிவிட்டார். குழாயில் தண்ணீர் வந்ததைத்தான் சொன்னாள்! 'சம்சாரிக்கணம்' என்றால் பேசவேண்டும் என்று பொருள். சம்சாரத்தைப் பற்றிய விசாரணை அல்ல. 'அவசரம்' என்பது வாய்ப்பு. 'விஷமம்' என்பது மனவருத்தம், குறும்பன்று. "எவிடெயாணு தாமசம்?" என்று கேட்டால் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்லத் தொடங்கவேண்டாம். 'கறி' என்பது காய்கறிக் குழம்புக்கும் பொருந்தும், ஆகவே சைவர்கள் திடுக்கிடத் தேவையில்லை. 'பட்டி' என்றால் நாய். உசிலம்பட்டிக்காரர் ஊர்ப்பெயரைச் சொல்லும்போது எதிரே முளைக்கும் புன்னகையைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

விளிக்கும் முறையும் முக்கியம். மூத்தவரைச் சேட்டா, சேச்சி என்றும், முஸ்லிம் பெரியவர்களை இக்கா, இத்தா என்றும் அழைத்தால் கடைக்காரர் முகமே மலரும். எழுத்தைப் பொறுத்தமட்டில், மலையாள லிபி கிரந்தத்திலிருந்து வளர்ந்தது. நம்மிடம் ஒரே 'க' இருக்கும் இடத்தில் அங்கே நான்கு. 'ழ' உச்சரிப்பு இரு மொழிக்கும் பொதுச் சொத்து. பேருந்துப் பலகைகளைப் படித்துப் பழகுவதே நல்ல பள்ளிக்கூடம். குழந்தைகள் நம்மைவிட விரைவில் படித்துவிடுகிறார்கள்.

குழந்தைகளின் படிப்பில்தான் உண்மையான கவலை இருக்கிறது. கேரளத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயம். வெளிமாநிலத்திலிருந்து வரும் மாணவர்க்குச் சில விலக்குகள் உண்டு, பள்ளியில் கேட்டறியவும். தமிழ்நாட்டிலோ 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை என்பது நிறுவனம் அனுமதிக்கும் வரைதான். 'அடுத்த மாதம் முதல் அலுவலகம் வருக' என்று ஒரு கடிதம் வந்தால், எர்ணாகுளம் வடக்கில் மாலை மெயில் ஏறி மறுநாள் காலை சென்னையில் இறங்கவேண்டியவர்கள் நாம். அன்று எட்டாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குத் தமிழில் ஒரு பத்தி எழுதத் தெரியாவிட்டால் என்ன செய்வது? 'விலக்கு இருக்கிறதே' என்று இங்கே மலையாளத்தைத் தட்டிக்கழித்தாலும் தொல்லைதான். தெருப் பிள்ளைகளோடு விளையாட மொழி இராது.

எங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்குக் கணினியை மூடியதும் மகளும் நானும் கடைக்கு நடப்போம். பேரம், கணக்கு, நலம் விசாரிப்பு எல்லாம் மலையாளத்தில். பெரும்பாலும் அவள்தான் பேசுவாள். இரவு சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் தமிழ் எழுத்து. பாடநூல் அவளுக்குச் சலித்துவிட்டது. ஆகவே வாரம் ஒரு கடிதம் பாட்டிக்கு எழுதுகிறாள். பாட்டி பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறார். போன வாரம் பதினொன்று இருந்தன.